அல்ட்ராசவுண்ட் வைத்தால் வலி போகுமா? பிசியோதெரபி மேசையில் கேட்கப்படும் கேள்விகள்

தோள்வலி, முட்டிவலி, குதிகால் வலி என்று பிசியோதெரபிக்குப் போனவர்களுக்கு இது பழகிய காட்சிதான். வலிக்கிற இடத்தில் குளுகுளுவென்று ஜெல் தடவுவார்கள். கைப்பிடி வைத்த வட்டமான உலோகத் தலை ஒன்றை அதன்மேல் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் அந்த அல்ட்ராசவுண்ட் மிஷின் கத்தும். துடைத்துவிட்டு எழுந்து வரவேண்டியதுதான். அந்த ஐந்து நிமிடத்தில் படுத்துக்கொண்டே நோயாளிகள் கேட்கும் கேள்விகள்தான் இவை. பதில் சொல்லும் நான் அந்த மிஷினைத் தினமும் கையில் பிடிக்கும் பிசியோதெரபிஸ்ட். அதன்மேல் எனக்குப் பெரிய பக்தியும் கிடையாது, பயமும் கிடையாது.

வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேனும் இதுவும் ஒன்றா?

இரண்டிலும் போவது காதுக்குக் கேட்காத ஒலிதான். நம் காதுக்கு எட்டுவது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரை. சிகிச்சை மிஷினில் அது நொடிக்குப் பத்து லட்சம் அல்லது முப்பது லட்சம். ஸ்கேனில் ஒலியை மிகச் சிறு துடிப்புகளாக அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிறார்கள். சிகிச்சை மிஷின் எதையும் படம் பிடிக்காது. ஒலியை உள்ளே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த ஒலி தசையிலும் நாரிலும் உறிஞ்சப்பட்டுச் சூடாக மாறும். அதனால் "உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுதா?" என்று எங்களைக் கேட்டால் பதில் இருக்காது.

கரண்ட் வைப்பது என்கிறார்களே, ஷாக் அடிக்காதா?

வருகிறவர்களில் பாதிப் பேர் "கரண்ட் வச்சு விடுங்க" என்றுதான் கேட்பார்கள். கரண்ட் வைப்பது வேறு. ஐ.எஃப்.டி., டென்ஸ் என்ற மிஷின்களில் தோல்மேல் பட்டைகளை ஒட்டி, சுருசுருவென்று ஏறும்படி லேசான மின்சாரம் விடுவார்கள். அல்ட்ராசவுண்டில் மின்சாரம் அந்த உலோகத் தலைக்குள்ளேயே நின்றுவிடும். உள்ளே ஒரு படிகத் தகடு இருக்கிறது. மின்னழுத்தம் மாறிமாறிப் பட்டால் அது விரிந்து சுருங்கி அதிரும். உடம்புக்குள் போவது அந்த அதிர்வு மட்டும்தான். கைப்பிடி வயர் பிய்ந்து, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

இதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று யாருக்குத் தோன்றியது?

அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1880இல் ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பது அடுத்து தெரியவந்தது. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்காக பிரெஞ்சு விஞ்ஞானி பால் லான்ஜவன் இந்த அதிர்வைத் தண்ணீருக்குள் அனுப்பிப் பார்த்தார். கற்றை போன வழியில் மீன்கள் செத்தன. தொட்டிக்குள் கையை விட்டால் வலித்தது. உயிருள்ள உடம்பை இந்த ஒலி ஏதோ செய்கிறது என்று தெரிந்தது அங்கேதான். 1930களின் கடைசியில் ஜெர்மனியில் இதைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்கள். வலியைக் குறைக்க வந்த மிஷினின் கதை வலி உண்டாக்கியதில் தொடங்குகிறது. அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு வேண்டியதில்லை.

உள்ளே போய் அது என்னதான் செய்கிறது?

முக்கியமாகச் சூடு. ஒத்தடம், வெந்நீர்ப் பை எல்லாம் தோலையும் அதற்குச் சற்றுக் கீழேயும் சுடவைக்கும். ஒலி கொழுப்பை அதிகம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய், கொலாஜன் என்ற நார்ப்புரதம் நிறைந்த இடங்களில்தான் நன்றாக உறிஞ்சப்படும்: தசைநார், மூட்டைக் கட்டியிருக்கும் ஜவ்வு, மூட்டு உறை, எலும்பின் மேற்பரப்பு. ஆழத்தில் சின்ன இடத்தைச் சுடவைக்க இது ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு, வைத்தால் ஏறக்குறைய 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம் வரை எட்டும். 3 மெகாஹெர்ட்ஸ் ஒன்றிரண்டு சென்டிமீட்டரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். "மூன்று பெரிய எண், அதனால் ஆழமாகப் போகும்" என்று நினைப்பவர்கள் உண்டு, நேர் எதிர். முழங்கையின் வெளிப்பக்க வலிக்கு 3, பின்தொடைத் தசைக்கு 1.

சூட்டைத் தவிர, திசுவில் உள்ள திரவம் மெல்ல நகர்வது, நுண்ணிய குமிழிகள் அதிர்வது போன்ற வேலைகளும் நடக்கின்றன. இவை செல்களைத் தூண்டிக் காயத்தை ஆற்றும் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். ஆய்வகத் தட்டில் செல்களை வைத்துப் பார்த்தால் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. உங்கள் தோளுக்குள் அது எவ்வளவு கைகொடுக்கும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மிஷினில் "கன்டினியுவஸ்", "பல்ஸ்டு" என்று இரண்டு இருக்கிறதே?

கன்டினியுவஸ் என்றால் ஒலி இடைவிடாமல் போகும், சூடு ஏறும். பல்ஸ்டு என்றால் விட்டுவிட்டுப் போகும். 20 சதவீதத்தில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஒலி, மீதி ஓய்வு, அதனால் சூடு மிகக் குறைவு. நேற்று மடங்கி வீங்கிய கணுக்காலுக்குச் சூடு ஆகாது. வைப்பதானால் பல்ஸ்டுதான். ஆனால் கணுக்கால் சுளுக்குக்கு அல்ட்ராசவுண்ட் பெரிதாக எதையும் செய்வதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கட்டுப் போட்டு, காலைத் தூக்கி வைத்து, வலி தாங்கும் அளவுக்குச் சீக்கிரம் நடக்கத் தொடங்குவது மேல்.

எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே. மிஷின் உண்மையிலேயே ஓடுகிறதா?

நியாயமான சந்தேகம். பல்ஸ்டில் வைத்தால் ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் சரி. கன்டினியுவஸில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் இதமான வெதுவெதுப்பு தெரிய வேண்டும்.

மிஷின் ஓடுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மிஷினின் உலோகத் தலையை மேல்நோக்கித் திருப்பி, அதன்மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அளவைக் கூட்டிக்கொண்டே போனால் தண்ணீர் நடுங்கி, மையத்தில் குமிழியிட்டுச் சிலசமயம் புகைபோலத் தெறிக்கும். நொடிக் கணக்கில் பார்த்துவிட்டு அணைத்துவிட வேண்டும். காற்றில் நெடுநேரம் ஓடவிட்டால் படிகம் கெட்டுவிடும். உங்கள் பிசியோவிடம் "ஒரு தடவை தண்ணி விட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் நல்ல பிசியோ இல்லை.

ஆனால் இது ஓடுகிறது என்பதை மட்டும்தான் காட்டும். திரையில் 1 வாட் என்று காட்டும்போது வெளியே வருவது 1 வாட்தானா என்பது வேறு கதை. இந்த மிஷின்கள் நாளடைவில் அளவு மாறும், தலையைக் கீழே போட்டால் உடனே மாறும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அளவுத் திருத்தம் செய்ய வேண்டும். சின்னச் சின்ன கிளினிக்குகளில் இதைச் செய்கிறவர்கள் குறைவு என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதுகு முழுக்கத் தேய்த்துவிடச் சொன்னால் பிசியோ செய்ய மாட்டேன் என்கிறார். ஏன்?

அவர் சரியாகச் செய்கிறார். கணக்கைப் பாருங்கள். வழக்கமான தலையில் ஒலி உண்மையில் வெளிவரும் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர்தான். அந்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை மட்டும் தேய்த்தால், சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் அளவில் 1 மெகாஹெர்ட்ஸ் ஒலி தசையின் வெப்பத்தை நிமிடத்துக்கு சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் கூட்டும். 3 மெகாஹெர்ட்ஸ் நிமிடத்துக்கு சுமார் 0.6 டிகிரி. இறுகிப்போன நார் நெகிழ வேண்டுமானால் 3, 4 டிகிரியாவது ஏற வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் 1 வாட் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் ஏறுவது ஒரே ஒரு டிகிரி. அதையே முதுகு முழுக்கப் பரப்பினால் சிகிச்சையில் மிஞ்சுவது குளிர்ந்த ஜெல்லின் சுகம்தான்.

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சிறிய இடம், ஒரு தடவைக்கு அவ்வளவுதான். "எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால காட்டுங்க" என்று பிசியோ கேட்பது இதற்குத்தான். ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால் இடுப்பு முழுக்கத் தடவிக் காட்டுகிற வலிக்கு இந்த மிஷின் பொருத்தமே இல்லை.

சரி, நேராகக் கேட்கிறேன். இதனால் வலி குறையுமா, குறையாதா?

நேராகவே சொல்கிறேன்: பெரும்பாலான வலிகளுக்கு, மிஷினை ஓடவிட்டாலும் ஓடவிடாமல் தேய்த்தாலும் கிடைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. 2001இல் வந்த ஒரு மதிப்பாய்வு, அதுவரை நடந்த 35 ஒப்பீட்டு ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. செய்முறை ஒழுங்காக இருந்தவை பத்துதான். அந்தப் பத்தில் இரண்டில் மட்டும் ஓடும் மிஷின் ஜெயித்தது. எட்டில் போலி மிஷினும் அதற்குச் சமமாகவே நின்றது.

இடுப்பு வலிக்கு நிலைமை இன்னும் தெளிவு. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, கால் வரை இழுக்கும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடுப்பு வலிக்கு அல்ட்ராசவுண்ட் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. முட்டித் தேய்மானத்துக்குச் சில சின்ன ஆய்வுகளில் கொஞ்சம் வலி குறைந்திருக்கிறது. ஆனால் அவற்றை அப்படியே நம்ப முடியாத அளவுக்கு ஆட்கள் குறைவு.

ஜெயித்த இரண்டு எவை என்று கேட்பீர்கள். மணிக்கட்டு நரம்பு அழுத்தம் ஒன்று, தோள்பட்டை நாரில் சுண்ணாம்பு படிவது இன்னொன்று. இரண்டாவது ஆய்வு வியன்னாவில் நடந்து 1999இல் வெளியானது, விவரமாகப் பார்க்கத் தகுந்தது. ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம், ஆறு வாரத்தில் மொத்தம் 24 தடவை. ஒன்பது மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது, உண்மையான சிகிச்சை பெற்ற தோள்களில் 42 சதவீதத்தில் சுண்ணாம்பு கரைந்திருந்தது. போலிச் சிகிச்சையில் 8 சதவீதம். வலியும் ஆறு வார முடிவில் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் ஒன்பது மாதத்தில் இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. சுண்ணாம்பு கரைந்தவருக்கும் கரையாதவருக்கும் வலி தானாகவே தணிந்துவிட்டிருந்தது.

நம் ஊரில் வழக்கமாக வைப்பதோ ஐந்து நிமிடம், ஐந்து நாள், எல்லா வலிக்கும் ஒரே அளவு. வியன்னா ஆய்வைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது.

அப்படியானால் ஏன் இன்னும் வைக்கிறீர்கள்?

சில இடங்களில் அது வேலையைச் சுலபமாக்குகிறது என்பதால். தோள் இறுகிப்போய் கையைத் தூக்கித் தலைவார முடியாத அம்மா ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். கையை இழுத்து நீட்ட வேண்டும்; வலிக்கும் என்று பயந்து தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். இறுகிய இடத்தில் எட்டு, பத்து நிமிடம் சுடவைத்துவிட்டு, உடனே, அந்தச் சூடு ஆறுவதற்குள் நீட்டினால் கொஞ்சம் தாராளமாக வருகிறது. ஏறிய சூடு சில நிமிடத்தில் இறங்கிவிடும். மிஷினை வைத்துவிட்டு, ஜெல்லைத் துடைத்து, அடுத்தவருக்கு வைத்துவிட்டு வந்து நீட்டினால் வைத்ததே வீண்.

அப்புறம், மனுஷ காரணம் ஒன்றும் உண்டு. மிஷின் வைக்காமல் நாலு உடற்பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பினால் "டிரீட்மெண்டே குடுக்கல" என்று சொல்லி நோயாளி வேறு இடம் பார்த்துக்கொள்கிறார். மிஷின் வைத்தால் உட்கார்ந்து பயிற்சியையும் கற்றுக்கொள்கிறார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடப்பு அதுதான். ஆனால் உங்கள் பிசியோ மிஷின் வைப்பதோடு அனுப்பிவிட்டு, வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரவில்லை என்றால் காசு வீணாகிறது.

எத்தனை நாள் வைக்க வேண்டும்?

ஐந்தாறு தடவையில் வலியிலோ அசைவிலோ மாற்றமே இல்லை என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். "இன்னும் பத்து சிட்டிங் பாக்கேஜ் எடுங்க" என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

வைக்கும்போது உள்ளே எலும்பு குடைவது போல் வலித்தது. பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எலும்பின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் நரம்புகள் அதிகம். ஒலி எலும்பில் பட்டதும் அங்கே சூடு சட்டென்று ஏறும். தோலில் ஒன்றும் தெரியாது; ஆழத்தில் குடைவது போல், கடுப்பது போல் வலிக்கும். உடனே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தலையை நகர்த்தி, அளவைக் குறைத்தால் வலி அப்போதே அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால் அன்றைக்கு அதோடு போதும். "சூடு ஏறினாத்தான் குணமாகும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள்தான் சூடு பட்டுப் போகிறவர்கள்.

தலையை ஓரிடத்தில் நிறுத்துவதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒலிக்கற்றை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. திரை சராசரி 1 வாட் என்று காட்டினாலும் கற்றையின் நடுவில் அது ஐந்து மடங்கு வரை இருக்கலாம். இஸ்திரிப் பெட்டியை வேட்டிமேல் நகர்த்திக்கொண்டே இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. அப்படியே வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போனால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா, அதுதான் இங்கேயும். பிசியோவோ உதவியாளரோ உங்கள் தோளில் தலையை நிறுத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருந்தால், "கை நின்னுடுச்சு" என்று தயங்காமல் சொல்லுங்கள். தலையை உங்கள் கையில் கொடுத்து "நீங்களே தேய்ச்சிட்டு இருங்க" என்று போகிற இடங்களும் உண்டு. அங்கே திரும்பப் போக வேண்டாம்.

யாருக்கெல்லாம் வைக்கவே கூடாது?

புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்திலும் சுற்றியும் கூடாது. எலிகளில் செய்த சோதனையில் கன்டினியுவஸ் ஒலி பட்ட கட்டிகள் பெரிதானதாகத் தெரிந்திருக்கிறது. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக ஓரிடத்தில் வலி வந்தால், காரணம் தெரியாமல் அங்கே மிஷினைக் கொண்டுபோகவே கூடாது. கதிர்வீச்சு கொடுத்த இடத்திலும் வேண்டாம்.

கெண்டைக்காலில் ரத்தக்கட்டி இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, கெண்டை தொட்டால் வலிக்கிறது என்றால் பிசியோவிடம் வருவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். நீண்ட பஸ் பயணம், படுத்த படுக்கை, அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பின் வந்த வலி என்றால் இன்னும் கவனம்.

கண், விதைப்பை, கருப்பை இருக்கும் இடம், இதயத்துக்கு நேர் மேலே, கழுத்தின் முன்பக்கம் இங்கெல்லாம் எந்த அளவிலும் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மார்பிலோ தோளின் அந்தப் பக்கத்திலோ வேண்டாம். முதுகெலும்பில் அறுவை செய்து எலும்பை எடுத்திருந்தால், அந்த இடத்தில் தண்டுவடத்துக்கு மறைப்பு கிடையாது, அங்கேயும் வேண்டாம். சீழ் பிடித்த புண், காசநோய் பிடித்த மூட்டு, ரத்தம் உறையாத நோய், ரத்த ஓட்டமே குறைந்துபோன கால் இவையும் இந்தப் பட்டியலில்தான்.

கர்ப்பமாக இருக்கிறேன். ஸ்கேன் மட்டும் எடுக்கிறார்களே, இதை ஏன் கூடாது என்கிறார்கள்?

ஸ்கேனில் போகும் ஒலியின் சராசரி வலிமை மிகக் குறைவு, சூடு ஏறாதபடி கட்டுப்படுத்தியது. இது சுடவைக்கவே செய்த மிஷின். வயிறு, இடுப்பு, அடிமுதுகு எங்கும் வைக்கக் கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை இருக்கிறது. குதிகால் வலிக்கு வைக்கலாமா?

நம் ஊரில் அதிகம் கேட்க வேண்டிய கேள்வி, குறைவாகக் கேட்கப்படும் கேள்வி. சூடு அதிகமாகிவிட்டதா என்று சொல்ல வேண்டியது உங்கள் காலின் உணர்ச்சி. அதுவே மரத்துப்போயிருந்தால் யார் சொல்வது? பத்துப் பதினைந்து வருடச் சர்க்கரையில் பாதம் மெல்ல மெல்ல மரக்கும், பலருக்குத் தெரியவே தெரியாது. செருப்பு கழன்று விழுந்தும் தெரியாமல் நடக்கிறவர்கள் உண்டு.

வைப்பதற்கு முன் பிசியோ இரண்டு சோதனைக் குழாயில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எடுத்து, உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றிப் பாதத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். எது சூடு, எது குளிர்ச்சி என்று ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னால்தான் சூடு தரும் அளவில் வைக்கலாம். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமலே ஜெல்லைத் தடவினால் "எனக்குச் சுகர் இருக்கு, உணர்ச்சி பார்த்துட்டு வையுங்க" என்று நீங்களே சொல்லுங்கள். குதிகால் வலியைப் பொறுத்தவரை, கெண்டைத் தசையையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சி, மெத்தென்ற செருப்பு, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது இவற்றிலேயே பெரும்பாலானவர்களுக்குக் குறையும்.

உள்ளே பிளேட், ஸ்க்ரூ இருக்கிறது. முட்டி மாற்றிய காலுக்கு?

உலோகம் இருந்தாலே கூடாது என்று பரவலாக ஒரு பயம் இருக்கிறது. மின்காந்த அலை விடும் ஷார்ட்வேவ் டயாதெர்மிக்கு அது சரி. அல்ட்ராசவுண்டில் பிளேட், ஸ்க்ரூ அவ்வளவு பெரிய தடை இல்லை. உலோகம் சூட்டைத் தேக்காமல் பரப்பிவிடும். குறைந்த அளவில், தலையை நகர்த்திக்கொண்டே வைக்கலாம். மாற்று மூட்டு விஷயம் வேறு. அதில் பிளாஸ்டிக் பாகமும், எலும்போடு ஒட்டவைத்த சிமெண்ட்டும் இருக்கும். இவை ஒலியை உறிஞ்சிச் சூடாகும். மாற்று முட்டி, மாற்று இடுப்பு இருக்கும் இடத்தில் வேண்டாம்.

பையனுக்குப் பதிமூன்று வயது, கிரிக்கெட் ஆடி முட்டி வலி. வைக்கலாமா?

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தகடு இருக்கும். அதன்மேல் வைப்பதைத் தவிர்ப்பதே வழக்கம். அந்த வயது முட்டிவலிக்கு ஆட்டத்தைக் கொஞ்ச நாள் குறைப்பதும் தொடைத் தசைப் பயிற்சியும் போதும்.

ஜெல் தீர்ந்துவிட்டால் தைலம், எண்ணெய் தடவிச் செய்யலாமா?

ஜெல் அலங்காரத்துக்கு இல்லை. காற்றைச் சந்தித்தால் இந்த ஒலி கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். தலைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே உள்ளே ஒன்றும் போகாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஜெல். தைலம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அதுவே தோலில் எரிச்சலும் சூடும் காட்டும். மிஷினின் சூடு எது, தைலத்தின் சூடு எது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. காலையில் தைலம் தேய்த்துவிட்டு வந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுங்கள்.

ஜெல்லின் சுத்தத்தையும் ஒரு கண் பாருங்கள். 2021இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் அல்ட்ராசவுண்ட் ஜெல்லில் பர்கோல்டேரியா என்ற பாக்டீரியா கலந்து நோய்த்தொற்றுகள் ஏற்பட்டதால், அதை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. ஐந்து லிட்டர் கேனில் வாங்கி, பாதி காலியான பாட்டிலைக் கழுவாமல் மேலே மேலே ஊற்றி நிரப்பும் பழக்கம் நல்லதல்ல. வெட்டுக்காயம், புண் இருக்கும் தோலில் சாதாரண ஜெல் படக் கூடாது. ஒருவருக்கு வைத்து முடித்ததும் தலையைத் துடைத்துக் கிருமிநாசினி போட்டுத்தான் அடுத்தவருக்கு வைக்க வேண்டும்.

வலி மருந்து ஜெல்லைப் போட்டு மேலே மிஷின் வைத்தால் மருந்து ஆழமாக இறங்குமாமே?

அப்படிச் செய்வதுண்டு. மருந்து தோலைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக இறங்கலாம், சாதாரணமாகக் கையால் தேய்ப்பதைவிடப் பெரிய லாபம் என்று சொல்வதற்கில்லை. வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும் கிரீம்கள் ஒலியையே தடுத்துவிடும். கண்ணாடி போன்ற ஜெல் வகைதான் ஒத்துவரும். அந்த மருந்து உங்களுக்கு அலர்ஜி இல்லையா என்பதை முதலில் பாருங்கள்.

கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துச் செய்தார்கள். அது எதற்கு?

விரல் மூட்டு, கணுக்கால் மாதிரி மேடுபள்ளமான இடத்தில் தலை முழுவதும் படியாது. அதனால் தண்ணீருக்குள் வைத்து, தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஆட்டுவார்கள். பிளாஸ்டிக் தொட்டியாக இருக்க வேண்டும், காய்ச்சி ஆறிய தண்ணீராக இருந்தால் நல்லது, தோலில் ஒட்டும் குமிழிகளை அவ்வப்போது துடைக்க வேண்டும்.

எலும்பு முறிவு சீக்கிரம் கூடும் என்கிறார்களே?

அது வேறு மிஷின். சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் என்ற மிக மெல்லிய ஒலியைத் தினம் 20 நிமிடம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. 1994இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து நன்றாக விற்றது. 2016இல் 501 பேரின் கீழ்க்கால் எலும்பு முறிவில் செய்த பெரிய ஆய்வில், எலும்பு கூடுவதிலும் சரி, நோயாளி பழையபடி நடமாடுவதிலும் சரி, எந்த வித்தியாசமும் இல்லை. பிசியோ மேசையில் இருக்கும் மிஷினை முறிவின்மேல் வைக்கவே கூடாது.

ஆன்லைனில் வீட்டு மிஷின் கிடைக்கிறது. வாங்கலாமா?

நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பல வீட்டு மிஷின்களில் திறன் குறைவு, சூடே ஏறாது. திறன் உள்ளதென்றால், எந்த இடத்தில், எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் பாட்டியின் மரத்த காலில் வைப்பதற்கான வாய்ப்பும் சேர்ந்தே வீட்டுக்குள் வருகிறது. வெந்நீர்ப் பை இதைவிட மலிவு, பெரிய இடத்தைச் சுடவைக்கும். அதற்கும் துண்டு சுற்றி, உணர்ச்சி உள்ள இடத்தில் மட்டும்.

வைத்த பிறகு குளிக்கலாமா, ஏசியில் உட்காரலாமா?

தாராளமாக. சூடு அதற்குள் இறங்கியிருக்கும்.

எந்த வலிக்கு மிஷின் பக்கமே வராமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும்?

முதுகு வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வேர்வை இருந்தால் தண்டெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது அபூர்வமில்லை. படுத்தாலும் புரண்டாலும் குறையாமல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் போவதே தெரியாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு. கீழே விழுந்த பிறகு காலூன்றவே முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே. இடது தோள், கை வலியோடு மூச்சுத் திணறலும் வேர்வையும் வந்தால் பிசியோவின் அப்பாயின்ட்மெண்ட் நேரத்துக்காகக் காத்திருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.